'பூச்சி' என்று எழுதிய கணக்கு

குமரி மாவட்டத்து மலையடிவாரமான பேச்சிப்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் வெட்டுகிறவர்கள் விடியுமுன்னே எழும்பிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் பட்டையைக் கீறினால்தான் சிரட்டையில் பால் நன்றாக வடியும். நெற்றியில் கட்டிய விளக்கு வெட்டும் இடத்தைத்தான் காட்டும். காலடிச் சருகு இருட்டில் கிடக்கும். விரியன் கிடப்பதும் அந்தச் சருகில்தான்.

ராத்திரியில் அதன் பெயரைச் சொல்லமாட்டார்கள். 'பூச்சி தொட்டுட்டு' என்பார்கள். நாட்டின் கணக்கிலும் பாம்புக்கடி மரணம் பேர் இல்லாமல்தான் கிடந்தது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டை விட்டுவிட்டு, இறந்தவர்களின் வீடுகளுக்கே ஆளனுப்பியது 'பத்து லட்சம் மரணங்கள்' ஆய்வு. எப்படிச் செத்தார், என்ன அறிகுறி என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எழுதி வந்தார்கள். அதை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் காரணத்தைத் தீர்மானித்தார்கள். 2011இல் முடிவு வந்தது: 2005இல் மட்டும் பாம்புக்கடியால் சுமார் 45,900 பேர். ஆஸ்பத்திரிகள் காட்டிய எண்ணைவிட 30 மடங்குக்கும் அதிகம். 97 விழுக்காடு கிராமத்து மரணங்கள். 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் என்றது 2020இல் வந்த ஆய்வு. ஆஸ்பத்திரிக்காரர்கள் பொய் எழுதவில்லை. செத்தவர்களில் பெரும்பாலோர் அந்த வாசலை மிதிக்கவே இல்லை.

மிதித்தவர்களுக்கோ, முதல் கருவி ஒரு சாதாரணக் கண்ணாடிக் குழாய். நரம்பிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான உலர்ந்த குழாயில் விட்டு 20 நிமிடம் ஆட்டாமல் வைக்கவேண்டும். பிறகு சரித்துப் பார்த்தால், உறையாமல் ஓடும் ரத்தம் விரியன் விஷத்தைச் சொல்லிவிடும். பிளாஸ்டிக் குழாய் ஆகாது. உறைதலைத் தூண்டுவது கண்ணாடிப் பரப்பு. மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். விஷமுறிவு மருந்து குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு, ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை.

ஆனால் இந்த மலையடிவாரத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நம் மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்தை வைத்துச் செய்வது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மூக்கு நுனி தூக்கிய ஒரு சின்னக் குழிவிரியன் உண்டு. இலங்கையிலும் அதன் கடி அதிகம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும், ரத்தம் உறைவதையும் தடுக்கக்கூடும். அதன் விஷம் இந்த மருந்துக்குக் கேட்காது. சுருட்டை என்று நினைத்துக் குப்பி குப்பியாக ஏற்றினாலும் பலன் இராது. எந்தப் பாம்பு எங்கே எத்தனை பேரைக் கடிக்கிறது என்று தெரியாமல் அதற்கு மருந்து செய்ய யார் முன்வருவார்?

2024 நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. அரசு, தனியார் என்று எந்த ஆஸ்பத்திரியும் இனி அதைத் தெரிவித்தாக வேண்டும். எனக்கு ஒரு ஆசை: அந்தப் பதிவில் கடித்த பாம்போடு 'விடியற்காலை, ரப்பர் வெட்டு' என்பதும் ஏறவேண்டும். வெட்டுக்காரருக்கு முழங்கால் வரை பூட்ஸ் கேட்டு வாதாட அந்த ஒரு வரி போதும்.