"ஷார்ட் ஃபிலிமா தம்பி?"

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு வெளியே, டிரைபாடில் போனைப் பொருத்திக்கொண்டு ஒரு கவின்கலைக் கல்லூரி மாணவர் நின்றால் போதும். ஆட்டோக்காரரிலிருந்து டீ மாஸ்டர் வரை கேட்பது இதைத்தான். ‘ஆமாண்ணே’ என்று சொல்லிவிட்டால் வம்பில்லை. ஒதுங்கி வழிவிடுவார்கள், சிலர் நடிக்கவே தயாராகிவிடுவார்கள். ‘இல்லண்ணே, காலேஜ் வொர்க்’ என்றால்தான் சிக்கல். கதை என்ன, ஹீரோ யார், யூடியூபில் எப்போது வரும் என்று விசாரணை நீளும். கதையே இல்லை, இந்தச் சுவரில் வெயில் நகர்வதை மட்டும் எடுக்கிறேன் என்றால், பாவம், நல்ல பையன், என்னவோ ஆகிவிட்டது என்பதுபோல் பார்ப்பார்கள்.

அதே மாணவர் அதே இடத்தில் ஸ்கெட்ச் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தால் யாரும் கதை கேட்பதில்லை. ‘நம்மளையும் ஒண்ணு வரைஞ்சு குடு’ என்பதோடு சரி. வரைகிறவனை அவன் போக்கில் விட்டுவிடும் ஊர், படம் எடுக்கிறவனிடம் மட்டும் கணக்குக் கேட்கிறது. ஓவியம் படிக்க வந்து வீடியோவைக் கையில் எடுக்கும் மாணவர்கள் அன்றாடம் மல்லுக்கட்டுவது இந்த எதிர்பார்ப்போடுதான்.

கோடம்பாக்கம் தூரமில்லை

எதிர்பார்ப்பில் நியாயம் இல்லாமலும் இல்லை. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சொந்த முயற்சியில் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. தேவி பிரசாத் ராய் சௌத்ரி, கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால் என்று இங்கே முதல்வர்களாக இருந்தவர்களைச் சொன்னாலே தென்னிந்திய நவீனக் கலையின் பாதிக் கதையைச் சொன்னதாகிவிடும். 1966-ல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து உருவாக்கியது சோழமண்டலம் ஓவியர் கிராமம். பாடிக் போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தக் காசில் ஓவியம் வரைந்தார்கள்.

இதே கல்லூரி வாசலிலிருந்து சினிமாவுக்கும் ஒரு பாதை போகிறது. 1959-ல் ஓவியம் படிக்கச் சேர்ந்த சிவகுமார், ஊர் ஊராகப் போய்க் கோயில்களையும் கடைவீதிகளையும் நேரில் வரைந்தவர். 1965-ல் ‘காக்கும் கரங்கள்’ மூலம் நடிகரானார். தோட்டா தரணியும் சாபு சிரிலும் இங்கே படித்துவிட்டுப் போய்த்தான் கலை இயக்குநர்களானார்கள். பா. இரஞ்சித்தும் இந்தக் கல்லூரிக்காரர்தான். பெரிய பெயர்கள் இவை. பெயர் தெரியாமல் செட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தவர்களும், பேனரில் நட்சத்திரங்களின் முகத்துக்கு ரோஸ் நிறம் ஏற்றியவர்களும் இவர்களைவிடப் பல மடங்கு. ஃபிளெக்ஸ் வந்து கைப்பேனரை ஒழிக்கும்வரை அது பல ஓவியர்களுக்குச் சோறு போட்டது.

ஆகவே இங்கே காமிராவைத் தொடுகிறவன் அடுத்துச் சினிமாவுக்குப் போகிறான் என்று ஊர் முடிவுகட்டுவதில் ஆச்சரியமில்லை. வீட்டிலும் அப்படித்தான். ‘படிச்சு முடிச்சு டிராயிங் மாஸ்டரா?’ என்பது முதல் வருடக் கேள்வி. மூன்றாம் வருடம் வீடியோ எடுக்கிறான் என்று தெரிந்ததும், ‘டைரக்டர் ஆகப் போறியா?’ என்று அது பதவி உயர்வு பெறுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வேலை இருக்கிறது என்பதை அம்மாவுக்கு விளக்குவது, தேர்வில் ஜூரி முன்னால் நிற்பதைவிடக் கடினம்.

காலையில் கரி

கல்லூரி நாள் காமிராவோடு தொடங்குவதில்லை. முதல் வருடத்தில் எல்லாருக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஸ்டில் லைஃப், பெர்ஸ்பெக்டிவ், அவுட்டோர், ஸ்கெட்ச். அதன்பிறகு ஓவியம், சிற்பம், விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்), டெக்ஸ்டைல், செராமிக், பிரின்ட்மேக்கிங் என்று பிரிவார்கள். ஓவிய வகுப்பில் மாடல் வந்து உட்கார்ந்ததும் சத்தம் அடங்கும். போர்டில் கிளிப் போட்ட கார்ட்ரிட்ஜ் ஷீட்டில் கரி உரசுவது மட்டும் கேட்கும். அரை மணி நேரத்தில் மாடலின் தோள் லேசாகச் சரியும், எடை ஒரு காலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். புதிதாக வந்தவன், ‘அசையாதீங்கய்யா’ என்பான். கொஞ்சம் தேறியவன் அந்தச் சரிவையும் கோட்டில் பிடிக்கப் பார்ப்பான்.

மெரினாவில் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையின் முன்னால் நின்றால் இந்தப் பயிற்சி எதற்கென்று புரியும். அதற்கு மாடலாக நின்றவர்களில் ஒருவர் கல்லூரியின் காவலாளி. பாறையை நெம்பும் அந்த உடல்கள் 1959-லிருந்து அப்படியே நிற்கின்றன. ஆனால் அடுத்த நொடி பாறை நகரும் என்று நமக்குத் தோன்றுகிறது. அசையாத பொருளில் அசைவைக் காட்டத் தெரிந்தவர்களின் கல்லூரி இது. அதனால் ஓவிய மாணவர் வீடியோவுக்கு வரும்போது அவரிடம் ஏற்கெனவே ஒரு சொத்து இருக்கிறது: ஒரே இடத்தைச் சலிக்காமல் பார்க்கப் பழகிய கண்.

மற்றபடி, கல்லூரியில் கற்பதில் பாதிக்குமேல் சீனியர் அண்ணன்களிடமிருந்து வருவது. எந்தக் கடையில் ஷீட் மலிவு, எடிட்டிங் சாப்ட்வேரில் எந்த இலவசப் பதிப்பு போதும், எந்த ரயிலடியில் போலீஸ்காரர் டிரைபாடை மடக்கச் சொல்வார் என்பதெல்லாம் ஹாஸ்டல் பாடத்திட்டம். ஸ்கெட்சுக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. டிரைபாடைக் கண்டால் கேட்கிறார்கள். அதனால்தான் மாணவர் வீடியோக்களில் மொட்டைமாடியும் ஹாஸ்டல் அறையும் இவ்வளவு அதிகம்.

அழித்து அழித்து வரைவது

கரியையும் காமிராவையும் இணைக்கும் வழி ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1989 முதல் செய்துவரும் முறை அது. ஒரே தாளில் வரைவார், படம் எடுப்பார், கொஞ்சம் அழித்துத் திருத்துவார், மறுபடி படம் எடுப்பார். கையில் கரியும் போனும் மட்டுமே உள்ளவருக்கும் இது சாத்தியம் என்பதால் மாணவர்களுக்கு ஏற்ற முறை.

செய்து பார்ப்பவருக்குத்தான் அதன் பாடு தெரியும். தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்ட வேண்டும். போன் அரை மில்லிமீட்டர் அசைந்தாலும் திரையில் மொத்த உலகமும் குலுங்கும். ஆகவே போனைத் தொடக்கூடாது. பழைய ஒயர் இயர்போனைச் செருகி, அதன் வால்யூம் பட்டனை அழுத்திப் படமெடுப்பது ஹாஸ்டலில் எல்லாருக்கும் தெரிந்த உத்தி. ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்யாவிட்டால், மாணவரின் கறுப்புச் சட்டை குறுக்கே வந்துபோகும்போதெல்லாம் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். ஜன்னலையும் மூட வேண்டும். மேகம் ஒன்று கடந்தால்கூடப் படத்தில் பளிச்சென்று ஒரு வெட்டு விழும். சரி, டியூப்லைட் போதும் என்றால் அதிலும் ஒரு வம்பு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கல் காமிராவில் வரிவரியாக ஓடும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் நிறுத்தினால்தான் அடங்கும்.

நொடிக்கு 12 படம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நிமிடத்துக்கு 720 முறை அழித்து வரைய வேண்டும். ஒரு மாடு தலை திருப்புவதை வரைவதற்குள் ராத்திரி போய்விடும். ஒரே இடத்தில் பத்தாவது அழிப்பில் தாள் பஞ்சுபோலாகும், இருபதாவதில் கிழியத் தொடங்கும். எவ்வளவு தேய்த்தாலும் பழைய கோட்டின் சாம்பல் தடம் போகாது. அதுதான் இந்த முறையின் அழகும். திரையில் மாடு திரும்பும்போது, சற்றுமுன் அதன் தலை இருந்த இடம் புகைபோலத் தெரிந்துகொண்டே இருக்கும். கணினியில் சுத்தமாகச் செய்தால் அந்தப் புகை கிடைக்காது.

முகூர்த்த மாதமும் சொந்த வேலையும்

இதற்கெல்லாம் நேரம்? அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. ஆனால் வண்ணம், கான்வாஸ், ஹார்ட் டிஸ்க், மெஸ் பில் எதுவும் குறைவில்லை. முந்தைய தலைமுறைக்குப் பேனர் இருந்தது. இந்தத் தலைமுறைக்குக் கல்யாண வீடியோ. மண்டபத்தில் இரண்டாவது காமிரா பிடிப்பது, வீட்டுக்கு வந்து ஹைலைட்ஸ் வெட்டுவது, ஜவுளிக்கடைக்கு ரீல்ஸ் செய்து கொடுப்பது. தை, ஆவணி மாதங்களில் காலை வகுப்பில் பாதிப் பேர் கண் சிவந்து உட்கார்ந்திருந்தால் வாத்தியாருக்குக் காரணம் தெரியும். ஆடியும் மார்கழியும் முகூர்த்தம் இல்லாத மாதங்கள். சொந்த வேலை நடப்பது அப்போதுதான்.

இந்த வேலை கையைத் தேற்றுகிறது என்பதை மறுக்க முடியாது. தாலி கட்டும் நொடியில் மூன்று காமிராக் கோணத்தையும் கெட்டிமேளத்தையும் சேர்த்து வெட்டத் தெரிந்தவருக்கு எடிட்டிங்கில் சொல்லிக்கொடுக்க அதிகமில்லை. ஆனால் அங்கே பழகுவது வேகம். முதல் மூன்று நொடியில் பிடிக்காவிட்டால் விரல் தள்ளிவிடும் என்பது ரீல்ஸின் சட்டம். கண்காட்சி வீடியோவுக்கு நேர்மாறு: பார்வையாளர் நடுவில் வருவார், நடுவில் போவார், முதலும் முடிவும் ஒட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ராத்திரி வெட்டிப் பழகிய கை, பகலில் வெட்டாமல் இருக்கப் பழக வேண்டியிருக்கிறது.

புதிதாக முளைத்ததல்ல

ஓவியர் காமிராவைத் தொடுவது போன் வந்தபிறகு தொற்றிய ஆசை என்று நினைக்க வேண்டாம். எம்.எஃப். ஹுசைன் ராஜஸ்தானில் எடுத்த ‘த்ரூ தி ஐஸ் ஆஃப் எ பெயின்டர்’ 1967-ல் பெர்லின் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடியை வென்றது. குடை, லாந்தர், செருப்பு என்று அடுத்தடுத்து வரும் படம், கதை கிடையாது. 1969-ல் அக்பர் பதம்சி தமக்குக் கிடைத்த நேரு ஃபெல்லோஷிப் பணத்தில் மும்பையில் ‘விஷன் எக்ஸ்சேஞ்ச் ஒர்க்‌ஷாப்’ என்ற கூடத்தைத் திறந்து ஓவியர்களையும் திரைக்கலைஞர்களையும் ஒன்றாக உட்காரவைத்தார். அவரே வரைந்த கோட்டுப்படங்களால் ஆனது ‘சிசிஜி’ என்ற மௌனப் படம். ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்த நளினி மலானி, அட்டையால் வீடுகள் செய்து, வண்ண ஃபில்டர் போட்டு, ஒவ்வொரு ஃப்ரேமாக ‘டிரீம் ஹவுசஸ்’ எடுத்தது அந்தக் கூடத்தில்தான். அன்று ஃபிலிம் சுருளுக்குக் காசில்லாமல் எண்ணி எண்ணி எடுத்தார்கள். இன்று எண்ண வேண்டியதில்லை; எடுத்ததை வைக்க இடம்தான் இல்லை.

வெளிச்சக் கட்டடத்தில் இருட்டு

ஆண்டுக் கண்காட்சி நெருங்கும்போது இன்னொரு தலைவலி. ஓவிய வகுப்பறை என்றால் பெரிய ஜன்னல், உயரமான கூரை, நல்ல வெளிச்சம். வீடியோவுக்கு வேண்டியது இருட்டு. கறுப்புச் சார்ட்டும் போர்வையும் கொண்டு ஜன்னலை அடைப்பார்கள். விசிறி போட்டால் சார்ட் பறக்கும், போடாவிட்டால் பார்வையாளர் நிற்கமாட்டார். இரவல் புரொஜெக்டர் வந்து சேர்வது முதல் நாள் மாலையில். பென்டிரைவில் போட்டு டிவியில் ஓட்டினால், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் திரை கறுத்து ஃபைல் பெயர் எட்டிப் பார்க்கும். அதைத் தவிர்க்க, மூன்று நிமிட வீடியோவைத் திரும்பத் திரும்ப ஒட்டி மூன்று மணி நேரக் கோப்பாக்குவது மாணவர்கள் கண்ட வைத்தியம்.

2012-ல் கொச்சி பினாலே என்ற கலைக் கண்காட்சி தொடங்கி, 2014 முதல் மாணவர்களுக்கென்றே ஸ்டூடன்ட்ஸ் பினாலேவும் நடக்க ஆரம்பித்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ரயிலேறிப் போய், இருட்டறையில் முறையாக ஓடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், இதுவும் ஒரு வேலைதான் என்ற தெம்போடு திரும்புகிறார்கள்.

ஆனால் திரும்பி வரும் கல்லூரிகளில், சென்னையோ கும்பகோணமோ, சீனியர்களின் வீடியோவைப் பார்க்க வழியில்லை. நல்ல ஓவியத்தையும் சிற்பத்தையும் எடுத்துவைக்கும் வழக்கம் கலைக் கல்லூரிகளுக்கு உண்டு. வீடியோ மட்டும் கண்காட்சி முடிந்ததும் மாணவரின் போனுக்குத் திரும்பி, அடுத்த கல்யாண ஆர்டருக்கு இடம் வேண்டும் என்று அழிந்துபோகிறது. இது மாணவர்களுக்கு மட்டும் நேர்வதல்ல. பதம்சியின் இரண்டாவது படமான ‘ஈவன்ட்ஸ் இன் எ கிளவுட் சேம்பர்’ இன்று இல்லை. இருந்த ஒரே பிரதி தொலைந்துவிட்டது. இதைத் தடுக்க, அரசுச் செயலாளர் மேசையில் பெரிய திட்டம் எதுவும் வைக்க வேண்டாம். கல்லூரி நூலகத்தில் ஒரு அலமாரி, அதில் வருடத்துக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று பார்க்க, ஒன்று பத்திரத்துக்கு. டிகிரி வாங்கும் முன் வேலையின் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்ற விதி. ஐந்தே வருடத்தில், இயர்போன் பட்டனிலிருந்து தொடங்க வேண்டிய அவசியம் எந்த ஜூனியருக்கும் இருக்காது.