சிறு நாய்களின் கண்ணீர்க் கறை

யாழ்ப்பாணத்து வீடுகளில் வளரும் வெண்ணிறப் பொமறேனியன் முதலிய சிறு நாய்களின் கண்ணோரத்தே செங்கபில நிறக் கறை படிதலைக் காண்கின்றோம். செங்குருதிக் கலங்கள் சிதையுங்கால் தோன்றும் போர்பிரின் என்னும் நிறப்பொருள் கண்ணீரிற் கலந்து உரோமத்திற் படிவதே இதற்குக் காரணமாம். கண்ணீர் இயல்பாக ஒரு நுண்குழாய் வழியே மூக்கினுட் செல்லும். அவ்வழி அடைபடினும், உரோமமோ உள்மடிந்த இமையோ விழியை உராயினும், அது முகத்தில் வழிகின்றது.

ஆகவே, கறையை அகற்றுமுன் காரணத்தை நாடல் வேண்டும். மிருகவைத்தியர் கண்ணிற் புளொரசீன் சாயம் இடுவர். அது நாசியில் தோன்றின் வழி திறந்துளது. விழியிற் பச்சையாய் ஒட்டி நிற்பின் ஆங்கே புண்ணுளது. அப்புண்ணைக் கவனியாது விடின் பார்வையே கெடலாம்.

நாள்தோறும் கொதித்தாறிய நீரில் நனைத்த பஞ்சினாற் கறையைத் துடைத்து, ஈரத்தை உலர்த்துக. ஐதரசன் பரவொட்சைட்டைக் கண்ணருகே கொணரற்க. தைலோசின் கலந்த, அங்கீகாரம் பெறாத கறைநீக்கிகளைக் குறித்து அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2014இல் எச்சரித்தது. கண்ணீர் திடீரெனப் பெருகினும், நாய் கண்ணைத் திறக்கவியலாது வருந்தினும், தாமதியாது வைத்தியரை நாடுதல் வளர்ப்போர் கடனாகும்.