ஏமி ஷெரால்டின் சாம்பல் நிற மனிதர்கள்

38 வயது வரை ஏமி ஷெரால்டுக்குச் சோறு போட்டது, அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து உணவகத்தில் அவர் பார்த்த பரிமாறும் வேலைதான். அதே ஊரின் கலைக் கல்லூரியில் 2004-ல் முதுகலை முடித்தவர். அந்த வருடமே இதயத் தசை பழுதடைந்திருப்பது தெரியவந்தது. 2012 டிசம்பரில் மாற்று இதயம் பொருத்தினார்கள். அதுவரை ஓவிய உலகில் அவரைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஆனால் கை அன்றே தன் வழியைக் கண்டுகொண்டிருந்தது. கறுப்பின மக்களை மட்டுமே வரைந்தார். தோலுக்குப் பழுப்பு கிடையாது. கறுப்பையும் வெளிர் மஞ்சளையும் குழைத்தெடுத்த சாம்பல். உடைகளோ கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் இருக்கும். நிறத்தைப் பார்த்ததுமே ஒரு முடிவுக்கு வந்துவிடும் கண்ணுக்கு இங்கே வேலையில்லை. நின்று முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும். அந்த முகமும் நம்மை நேராகப் பார்க்கும்.

வாஷிங்டனில் இருக்கும் ஸ்மித்சோனியன் தேசிய உருவப்படக் காட்சியகம் 2016-ல் தன் போட்டியில் அவருக்கு முதல் பரிசு கொடுத்தது. அந்தப் பரிசை வென்ற முதல் பெண் அவர்தான். இரண்டே ஆண்டில், 2018 பிப்ரவரியில், அவர் வரைந்த முன்னாள் முதல் பெண்மணி மிச்செல் ஒபாமா அங்கே சுவரில் ஏறினார். ஆறடி உயரப் படம். வெளிர்நீலப் பின்னணி, படத்தின் பெரும்பகுதியை நிறைத்து விரியும் வெள்ளைப் பாவாடை, அதில் அலபாமா கறுப்பினப் பெண்களின் ஒட்டுத்துணிப் போர்வைகளை நினைவூட்டும் கட்டங்கள். சாயல் இல்லையே என்று பலர் குறைபட்டார்கள். எனக்கு அந்தக் கை போதும். தாடைக்கு அடியில் புறங்கையைக் கொடுத்து, யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத நிதானத்தில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் தாங்காமல் படத்தைப் பெரிய கூடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

அதன்பின் விலை எகிறியது. 2020 டிசம்பரில் அவருடைய 'தி பேதர்ஸ்' ஓவியம் ஏலத்துக்கு வந்தபோது அதிகபட்ச மதிப்பீடு 2 லட்சம் டாலர். போனதோ 42 லட்சத்துக்கு மேல். இந்தக் கணக்கைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, அதே ஆண்டு அவர் யாரை வரைந்தார் என்பது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தன் வீட்டிலேயே உயிரிழந்த பிரியோனா டெய்லரை, 'வேனிட்டி ஃபேர்' இதழின் அட்டைக்காக வரைந்தார். நீலப்பச்சை உடை, விரலில், காதலர் போடக் காத்திருந்த நிச்சயதார்த்த மோதிரம். நாட்டின் முன்னாள் முதல் பெண்மணிக்குத் தந்த அதே சாம்பலையும் அதே நேர்ப்பார்வையையும் டெய்லருக்கும் தந்தார்.

சான் பிரான்சிஸ்கோவிலும் நியூயார்க்கிலும் நடந்த அவருடைய பெரிய தனிக் கண்காட்சி, 2025 செப்டம்பரில் வாஷிங்டனின் அதே காட்சியகத்துக்கு வரவேண்டியது. சுதந்திர தேவியின் கோலத்தில் ஒரு கறுப்பினத் திருநங்கை நிற்கும் ஓவியத்தைப் பற்றி அங்கே தயக்கம் எழுந்தது. ஷெரால்ட் ஜூலையிலேயே கண்காட்சி முழுவதையும் விலக்கிக்கொண்டார். தன்னை உலகுக்குக் காட்டிய இடத்தை உதறுவது லேசில்லை. ஆனால் யார் படத்தில் நிற்கலாம் என்பதை உணவகத்தில் தட்டு சுமந்த நாளிலும் அவர்தான் முடிவு செய்தார். பேர் வந்தபிறகு அதை இன்னொருவரிடம் விடுவாரா? அந்தக் கண்காட்சியை நவம்பரில் பால்டிமோர் கலை அருங்காட்சியகம் திறந்தது.