கல் மனையும் கைவினை மரபும்

கட்டடமொன்று எப்பொழுது மரபுரிமையாகின்றது? பழமையே அதற்குப் போதிய தகுதி எனப் பலர் கருதுவர். அரண்மனையும் ஆலயமும் பேணத்தக்கன, குடியிருக்கும் மனை அத்தகையதன்று என்பது இவ்வெண்ணத்தின் மறுபக்கம். இதனை மறுத்தெழுந்தது கைவினை இயக்கம். அவ்வியக்கத்தின் கல் மனையொன்று கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமியின் இல்லமாக விளங்கியமையால், அதனை முன்வைத்து இவ்வினாவை நோக்குவோம்.

இயந்திரத் தொழில் உழைப்பாளியைத் தன் ஆக்கத்திலிருந்து பிரித்துவிட்டது என்பதே ஜோன் றஸ்கின், வில்லியம் மொறிஸ் ஆகியோரின் அடிப்படைக் குற்றச்சாட்டு. அவ்வவ்விடத்துக் கல்லையும் மரத்தையும் கொண்டு, பூச்சாலும் போலி அலங்காரத்தாலும் மறைக்காது, கைத்திறன் புலப்படக் கட்டுதல் அவர்தம் வழிவந்தோரின் நெறியாயிற்று. அமெரிக்காவில் இந்நெறியைப் பரப்பியவர் கஸ்டாவ் ஸ்டிக்லி. அவர் 1901இல் தொடங்கிய ‘கிராப்ட்ஸ்மன்’ என்னும் சஞ்சிகையின் பெயரே அங்கு எழுந்த மனைகளின் பாணிக்கும் பெயராயிற்று.

1877இற் பிறந்த குமாரசுவாமி புவிச்சரிதவியல் பயின்றவர்; இலங்கைக் கனிப்பொருள் அளவீட்டுப் பணியின் இயக்குநராக விளங்கியவர். கல்லின் இயல்பை அறிந்த அவ்வறிஞருக்காக, இங்கிலாந்தின் புறோட் கம்டன் என்னும் சிற்றூரிற் சிதைவுற்றிருந்த நோர்மன் காலத்துக் கற்றேவாலயமொன்றைச் சி. ஆர். ஆஷ்பி வாழ்மனையாகப் புதுக்கியமைத்தார். பழஞ்சுவர்களை இடித்தகற்றாது, புதிய பகுதிகளை அவற்றோடு இயைத்தமையே அவர் பணியின் சிறப்பு. இம்மனையிலேயே, மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியைக் கொண்டு, ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் குமாரசுவாமியின் நூல் 1908இல் 425 பிரதிகளாக அச்சேறிற்று. இலங்கைக் கம்மியரின் தொழின்மரபை ஆராய்ந்த நூல், கைவினையாற் புதுக்கப்பட்ட கல் மனையிற் கையச்சாக உருப்பெற்றமை தற்செயலன்று. கல், கைத்திறன், அங்கு நிகழ்ந்த வாழ்வு ஆகிய மூன்றும் ஒன்றிணைந்தமையாலேயே அம்மனை மரபுரிமையாகின்றது எனலாம்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில், குமாரசுவாமியின் மைத்துனரான பொன்னம்பலம் இராமநாதன், கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில் தம் தந்தையார் நிறுவிய பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தைக் கருங்கற்றிருப்பணியாக மீள அமைத்தார். ஒன்று மனை, மற்றையது ஆலயம். ஒன்றன் மரபு ஐரோப்பியம், மற்றையதன் மரபு திராவிடம். எனினும் கல்லைக் கல்லாகவே காட்டும் நேர்மையும், உளியின் தடத்தை மதிக்கும் பண்பும் இரண்டற்கும் பொது.

ஈண்டு ஒரு முரண்பாட்டையும் நாம் மறைத்தலாகாது. உழைப்பின் மாண்பைப் போற்றிய இவ்வியக்கத்தின் ஆக்கங்கள் செல்வர்க்கே எட்டின. ஆஷ்பியின் கைவினைச் சங்கமும் 1908இல் நிதி நெருக்கடியாற் கலைந்தது. கட்டுவித்தோர் பெயர் நிலைபெறக் கல்லை அடுக்கியோர் பெயர் மறைவது இங்கும் அங்கும் ஒன்றே. ஆகவே மரபுரிமை ஆய்வு உரிமையாளரின் வரலாற்றோடு அமையாது, உழைத்தோரின் வரலாறாகவும் விரிதல் வேண்டும்.

இவ்வளவுகோலைக் கொழும்பின் மனைகளுக்குப் பொருத்துவோமாயின், இம்மண்ணுக்குரிய கல் கருங்கல்லன்று. ‘கபுக்’ என மக்கள் வழங்கும் செங்கபில நிறக் கல்லே அது. கபுக் சுவர், சுண்ணாம்புச் சாந்து, ஓட்டுக்கூரை, வெயிலையும் மழையையும் தடுக்கும் விறாந்தை என்பன இக்காலநிலை கற்பித்த கட்டட அறிவாகும். அவ்வறிவைத் தாங்கிய வெள்ளவத்தையின் பழைய மனைகள் பல அடுக்குமாடித் தொகுதிகளுக்கு இடங்கொடுத்து மறைந்துவிட்டன. 1983 யூலை வன்செயலில் தமிழர் மனைகள் பல அவற்றிலிருந்த நூல்களோடும் ஆவணங்களோடும் எரிந்தழிந்தன.

சட்டத்தின் துணையும் இங்கு வரையறைக்குட்பட்டதே. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்டவற்றையே புராதன சின்னங்கள் என வரையறுக்கின்றது. பிற்பட்ட கட்டடம் பாதுகாப்புப் பெறத் தனிப் பிரகடனம் வேண்டும். குடியிருப்பு மனைகளோ பெரும்பாலும் இவ்வெல்லைக்கு இப்பாலன. அரசின் பிரகடனத்தை எதிர்பார்த்திராது, எஞ்சியுள்ள மனைகளின் தரைப்படம், கட்டுபொருள், கட்டியோர், வாழ்ந்தோர் பற்றிய செய்திகளைத் திரட்டுதல் பல்கலைக்கழக மாணவர்க்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் இயலும் பணியே. சுவர் வீழ்ந்தபின் அதன் அளவை எடுத்தல் எவர்க்கும் இயலாது.