கண்ணில் ஒரு நடவு

மனிதத் திசுவைச் சோதனைச்சாலையில் வளர்த்து உடலில் பொருத்தலாம் என்றால், விடுதித் தோழர்கள் சிலர் "புராணக் கதையா?" என்று நகைக்கிறார்கள். 1988-ஆம் ஆண்டு காலிபோர்னியாவின் டாஹோ ஏரிக்கரையில் விஞ்ஞானிகளும் எஞ்சினீயர்களும் கூடிய மகாநாடு ஒன்று இதற்குத் 'திசுப் பொறியியல்' என்ற பெயரில் இலக்கணமே வகுத்தது. அதன் பின் எத்தனையோ சர்வதேச மகாநாடுகள் நடந்துவிட்டன. பத்திரிகைகள் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பற்றியே எழுதுகின்றன. அவை முழு உறுப்பாக இன்னும் ஆராய்ச்சி நிலையைத் தாண்டவில்லை. மெய்யான வெற்றி ஒரு மெல்லிய படலத்தில் கிடைத்தது. அதில் நம் நாட்டின் பங்கு பெரிது.

வெற்றிலைச் சுண்ணாம்பு சிறு பிளாஸ்டிக் பொட்டலங்களில் விற்கப்படுவதை நாம் அறிவோம். குழந்தை அதைப் பிதுக்கினால், வெடித்துக் கண்ணில் தெறிக்கும். சுண்ணாம்பு காரப் பொருளாதலால் திசுவுக்குள் ஆழமாக இறங்கும். (உடனே ஏராளமான நீரால் நெடுநேரம் கழுவிவிட்டு, பிறகே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.)

அப்போது கண்ணில் நிகழ்வது என்ன? கருவிழியின்மேல் கண்ணாடிபோல் கவிந்திருப்பது கார்னியா. அதன் மேற்பரப்பு அணுக்கள் நாள்தோறும் உதிர்கின்றன. கருவிழியும் வெண்விழியும் சந்திக்கும் விளிம்பிலுள்ள மூல அணுக்கள் பெருகி உள்நோக்கி நகர்ந்து அந்த இடத்தை நிரப்புகின்றன. அவ்விளிம்பை ஒரு நாற்றங்கால் என்றே சொல்லலாம். நாற்றங்கால் வெந்துபோனால், வெண்விழியின் சவ்வு இரத்தக் குழாய்களோடு கார்னியாவின்மேல் படர்ந்து பார்வையை மூடிவிடும். இறந்தவர் தந்த கார்னியாவைப் பொருத்துவதும் மட்டும் போதாது. வயலை மாற்றினாலும் நாற்று வேண்டுமே!

1997-இல் இத்தாலியில் பெல்லெக்ரினி குழுவினர், நோயாளியின் நல்ல கண்ணிலிருந்து விளிம்புத் துணுக்கு ஒன்றை எடுத்து, சோதனைச்சாலையில் படலமாக வளர்த்து, கெட்ட கண்ணில் பொருத்திக் காட்டினர். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையம் 2001-இல் இம்முறையைக் கைக்கொண்டது. பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடப் படலத்தை விரித்து, அதன்மேல் அணுக்களை வளர்த்தார்கள். 200 நோயாளிகளில் 71 விழுக்காட்டினருக்குக் கார்னியாவின் மேற்பரப்பு சீராயிற்று என்று 2011-இல் அறிவித்தார்கள்.

ஆனால் தூய்மை காக்கும் சோதனைச்சாலைக்குச் செலவு மிகுதி. எல்லா ஊர் ஆஸ்பத்திரிக்கும் அது எட்டுமா? ஆகவே டாக்டர் சங்வான் குழுவினர் 2012-இல் சோதனைச்சாலையையே விலக்கிவிட்டார்கள்! சுமார் இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள துணுக்கை எட்டுப் பத்துச் சிறு துண்டுகளாக நறுக்கி, கெட்ட கண்ணில் பரப்பிய பனிக்குடப் படலத்தின்மேல் நேராகவே, ஃபைப்ரின் பசையால் ஒட்டினார்கள். ஒவ்வொரு துண்டிலிருந்தும் அணுக்கள் பரவி ஒன்றுகூடுகின்றன. நாற்று விடாமல் நேர்விதைப்பு செய்வதுபோல! 2016-இல் வெளியான கணக்கின்படி 125 பேரில் 76 விழுக்காட்டினருக்கு வெற்றி. பொருட்செலவு குறைந்ததோடு பலனும் குறையவில்லை. இத்துறையில் இதைவிட அழகான சிந்தனையை நான் கண்டதில்லை.

இரு கண்களும் வெந்துபோனவர்களின் நிலை வேறு. எடுப்பதற்கு நல்ல விளிம்பே அவர்களிடம் இல்லை. உறவினரிடம் பெற்றால், உடல் அதை அந்நியமென்று தள்ளாதிருக்க வலுவான மருந்துகளை உட்கொள்ள வேண்டும். 2004-இல் ஜப்பானிய டாக்டர் நிஷிடாவின் குழுவினர் நோயாளியின் சொந்த வாயின் உட்சவ்விலிருந்து அணுக்களை எடுத்து, படலமாக வளர்த்து, நால்வருடைய கண்களில் பொருத்தினார்கள். அந்தப் படலம் ஒட்டிக்கொண்டது. நால்வருக்கும் பார்வை தெளிந்தது.