விறகுக் குவியலில் தேடுங்கள்

மரத்தில் சிற்பம் செதுக்கப் பழகலாம் என்று கிளம்பி, முதல் வேலையாகத் தேக்குப் பலகை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். விலை ஒரு பக்கம் இருக்கட்டும். தேக்கில் சிலிக்கா உண்டு. தீட்டிய உளி சீக்கிரம் மழுங்கிவிடும். இவ்வளவு காசு கொடுத்தோமே என்று கையும் தயங்கும். பழகுகிறவருக்கு வேண்டியது, வீணாய்ப் போனாலும் மனசு அடித்துக்கொள்ளாத மரம்.

கும்பகோணம் பக்கத்தில் அது வேலியிலேயே நிற்கிறது: பூவரசு. போத்து நட்டாலே தழைத்துவிடுவதால் யாரும் அதை மதிப்பதில்லை. குறுக்கே அறுத்துப் பாருங்கள். ஓரத்தில் வெளிறிய வெள்ளை; உள்ளே சாக்லேட் நிறத்தில் வைரம். நார் நெருக்கமாக இருப்பதால் மூக்கு, விரல்நகம் போன்ற சின்ன வேலைகூடப் பிசிறில்லாமல் நிற்கும்.

வேம்பு அப்படியில்லை. அதன் நார் ஓர் அடுக்கில் ஒரு பக்கமும் அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கமும் சாய்ந்து ஓடும். ஒழுங்காய்ப் போய்க்கொண்டிருந்த உளி திடீரென்று ஒரு சில்லைப் பிய்த்துக்கொண்டு போகும். பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூர்ச் சிற்பிகள் வாகை, மா, வேம்பு எல்லாவற்றிலும் செதுக்குகிறார்கள். அவர்கள் வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அது தலைமுறை தலைமுறையாகப் பழகிய கை. நாம் பூவரசிலிருந்து மாவுக்குப் போய், வேம்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டை கிடைக்குமிடம் வாள்பட்டறை. பலகைக்கு உதவாத துண்டுகளை விறகு விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தபோது அங்கே வேலை செய்யும் பையன், “அடுப்புக்காம்மா?” என்றான்.

“இல்ல தம்பி, பொம்மை செதுக்க.”

“அப்ப பச்சையா எடுத்துக்குங்கம்மா. காஞ்சா கை வலிக்கும்.”

அவன் சொன்னது சரிதான், பாதி வரைக்கும். ஈரக்கட்டை உளிக்கு இணங்கும்; முடித்து வைத்த பிறகு வெடிக்கும். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நடுவை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வளையத்தின் போக்கில் சுருங்கும். அதனால் முழு உருளை, சுற்றளவு போதாமல் ஓரிடத்தில் பிளந்தே தீரும். உருளையை நடுத்தண்டு வழியாக இரண்டாகப் பிளந்து வைத்தால் வெடிப்பு பெரிதும் குறையும். தண்ணீர் வேகமாக வெளியேறுவது வெட்டுமுனைகள் வழியாக. அங்கே பெயின்டோ மெழுகோ பூசுங்கள். அந்தக் காலத்தில் சாணி பூசினார்கள். பிறகு நிழலில், தரையில் படாமல் குச்சி கொடுத்து அடுக்க வேண்டும். நான் சமையலறைத் தராசில் மாதாமாதம் நிறுத்து, கட்டையின் மேலேயே பென்சிலால் எழுதிவைக்கிறேன். எடை இறங்குவது நின்றால் செதுக்க எடுப்பேன். அடியில் மாவு கொட்டியிருந்தால் வண்டு வெள்ளையைத் தின்கிறது என்று அர்த்தம். அதை மற்றக் கட்டைகளோடு வைக்காதீர்கள்.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் வீடு இடிக்கும் இடத்துக்குப் போகலாம். பக்கத்து நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்கிறவர்கள் பழைய வீட்டு ஆச்சா மரத்தைத்தான் தேடி வாங்குகிறார்கள். காய வேண்டியதெல்லாம் காய்ந்து முடிந்த மரம் அது. ஆச்சா நமக்கு ரொம்பக் கடினம். அதே வீட்டில் மாம்பலகை இருக்கிறதா என்று கேளுங்கள். ஆணிக்கு ஒரு காந்தத்தைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

சந்தனம், செம்மரம், ஈட்டி பக்கம் போக வேண்டாம். துண்டு கிடைத்தாலும் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். சாலையோரம் புயலில் சாய்ந்த மரத்துக்கும் சொந்தக்காரர் உண்டு, நெடுஞ்சாலைத் துறையோ ஊராட்சியோ. கேட்டுவிட்டுக் கிளையை எடுங்கள். கரண்டி, கிண்ணம் செதுக்குகிறவர்களுக்கு இன்னொன்று: அரளியும் எட்டியும் நஞ்சு. அவற்றில் செய்த எதுவும் சமையலறைக்குள் வரக்கூடாது.