கசிவைத் தடுப்பது மரை அல்ல

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டு வாசலில் காருக்கு ஆயில் மாற்றும் வேலை. செய்தவர் தெருமுனை ஒர்க்‌ஷாப் அண்ணன். வேடிக்கை பார்த்தது நானும் என் மச்சானும். மச்சானுக்குத் தொழில் பிளம்பிங். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் எஞ்சினிலிருந்து கட்டைவிரல் பருமனில், மரை போட்ட ஒரு குட்டைக் குழாய் எட்டிப் பார்த்தது. மச்சானின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

“அண்ணே, இதுல நாலு சுத்து டெஃப்லான் டேப் சுத்திடலாம். ஒரு சொட்டு ஒழுகாது.”

“அது தண்ணிக் குழாய்க்குத் தம்பி. இதுக்கு இது போதும்” என்றவர், புது ஆயிலில் விரலை நனைத்துப் புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தைச் சுற்றி ஒரு தடவு தடவினார். மரையைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்ததோடு சரி.

மச்சான் கேட்டதில் தப்பில்லை. ஆனால் மரையில் இரண்டு ஜாதி உண்டு. ஜிஐ குழாயின் முனையில் போடும் மரை கூம்பு வாக்கில் சரிந்திருக்கும். 16 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் வீதம் விட்டம் மாறும். முறுக்க முறுக்க ஆப்பு இறங்குவதுபோல இறுகும். அப்படியும் மரையின் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே சுருள் வாக்கில் ஒரு மெல்லிய சந்து மிஞ்சும். அதை அடைக்கத்தான் டேப். அங்கே தண்ணீரைத் தடுக்கும் பொறுப்பு மரையினுடையது.

ஃபில்டரின் மரை அப்படியல்ல. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே விட்டம். கொஞ்சம் தளர்வாகவே பொருந்தும். ஆயில் அதன் வழியே ஊரும். ஊரட்டும். எங்கே போய்விடும் என்பதுதான் கேள்வி.

ஃபில்டரின் வாய்ப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் மரை போட்ட பெரிய ஓட்டை, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டைகள், விளிம்பில் ரப்பர் வளையம். பம்ப் தள்ளும் அழுக்கு ஆயில் சின்ன ஓட்டைகள் வழியே உள்ளே போகிறது. மடித்து வைத்த தாளை வெளிப்புறத்திலிருந்து உட்புறமாகக் கடக்கிறது. சுத்தமாகி, நடு ஓட்டையில் பூட்டிய மரைக் குழாய் வழியே எஞ்சினுக்குத் திரும்புகிறது. அதாவது, மரை நிற்பது ஆயிலுக்கும் தெருவுக்கும் நடுவில் அல்ல. அழுக்கு ஆயிலுக்கும் சுத்த ஆயிலுக்கும் நடுவில். தெருவைக் காப்பது ரப்பர் ஒன்றே. மரையின் இரு பக்கமும் அழுத்த வித்தியாசம் மிகக் குறைவு. தாள் அடைத்துக்கொண்டு அது சுமார் 1 பாரை எட்டினால், மாற்று வழி வால்வு திறந்துவிடும். எனவே மரையில் ஊரும் துளி ஆயிலால் நஷ்டமில்லை.

டேப் சுற்றினால்தான் நஷ்டம். ஃபில்டரைத் திருகும்போது டேப்பின் பிசிறு கிழிந்து, குழாயின் நுனி வழியே சுத்தமான பக்கத்தில் விழலாம். அதற்கப்புறம் அதைத் தடுக்க இன்னொரு ஃபில்டர் கிடையாது, நேரே பேரிங்குக்குத்தான். அங்கே ஆயில் ஓடும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு, ஏறக்குறைய தலைமுடிப் பருமன். செம்புத் தூளோ அலுமினியத் தூளோ கலந்த ஆன்டி-சீஸ் பசைக்கும் இதே ஆட்சேபணை. அந்தப் பசை, வெவ்வேறு உலோகங்கள் சூட்டில் காய்ந்து பிடித்துக்கொள்ளும் இடங்களுக்கானது. ஃபில்டர் மரையோ பெரும்பாலும் எஃகோடு எஃகு, இருபத்து நாலு மணி நேரமும் எண்ணெய்க் குளியல். துருப்பிடிக்க வழியேது?

அப்படியானால் சில ஃபில்டர்கள் கழற்ற முடியாமல் செயின் ஸ்பேனர் கேட்பது ஏன்? ரப்பரால்தான். மரையின் புரியிடைத் தூரம் பொதுவாக 1.5 மில்லிமீட்டர். ரப்பர் எஞ்சினைத் தொட்ட பிறகு முக்கால் சுற்று திருகுங்கள் என்று பெட்டியில் போட்டிருக்கும். முக்கால் சுற்றில் ஃபில்டர் 1.1 மில்லிமீட்டர் முன்னேறும். ரப்பர் அவ்வளவே நசுங்கும். ஆனால் 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையம், அதே முக்கால் சுற்றில் எஞ்சின் முகத்தின்மேல் 15 சென்டிமீட்டர் தூரம் வழுக்கியாக வேண்டும். காய்ந்த ரப்பர் வழுக்காது. முறுகும், காடியை விட்டுப் பிதுங்கும், பின்னர் சூட்டில் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அண்ணன் தடவிய ஒரு விரல் ஆயில் இதற்குத்தான்.

மரைக்கு வேலையே இல்லையா? உண்டு. வண்டி ஓடும்போது ஆயில் அழுத்தம் 4 பார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வளையத்துக்குள் அடங்கும் பரப்பில் அது சுமார் 130 கிலோ விசை. இரண்டு மூட்டை அரிசியை விட அதிகமான பாரம், ஃபில்டரை எஞ்சினிலிருந்து பிடுங்கப் பார்க்கிறது. தாங்கிப் பிடிப்பது அந்தச் சில புரிகள்தான். அதிர்வில் கழன்றுவிடுமோ என்று பசை போடவும் வேண்டாம். நசுங்கிய ரப்பர் ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளி மரையை இறுக்கத்திலேயே வைத்திருக்கும். ஃபில்டரோடு சேர்ந்து மரைக் குழாயே எஞ்சினை விட்டுக் கழன்று வந்தால் மட்டும் கதை வேறு. எஞ்சின் பக்கத்து மரைக்குப் பூட்டுப் பசை உண்டா, எவ்வளவு முறுக்கம் என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்துப் பொருத்த வேண்டும்.

ஃபில்டர் தொடக்கத்திலேயே இப்படித் திருகும் வகையாக இருக்கவில்லை. 1923-ல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் உருவாக்கிய பியூரோலேட்டர்தான் கார்களுக்கான ஆயில் ஃபில்டருக்கு முன்னோடி. பிறகு வெகுகாலம் கூடு எஞ்சினிலேயே இருக்கும். உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுவார்கள். பழைய வளையத்தைக் காடியிலிருந்து நோண்டி எடுக்க வேண்டும். 1950-களில் வந்த திருகு ஃபில்டர் அந்தத் தொல்லையை ஒழித்தது: கூடு, தாள், ரப்பர் மூன்றுமே புதிது.

ஆனால் புதுத் தொல்லை ஒன்றும் வந்தது. பழைய ஃபில்டர் கழன்றாலும் அதன் ரப்பர் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதைக் கவனிக்காமல் புதியதை மாட்டினால் ரப்பர்மேல் ரப்பர். அழுத்தம் ஏறியதும் ஒன்று பிதுங்கும். சில நிமிடங்களில் ஆயில் முழுவதும் தரையில். அதனால்தான் அண்ணன் முதலில் பழைய ஃபில்டரைத் திருப்பி, வளையம் அதிலேயே இருக்கிறதா என்று பார்த்தார். எந்தப் பசையும் தர முடியாத பாதுகாப்பு அந்த ஒரு பார்வை.

கையாலேயே முக்கால் சுற்று. ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. அண்ணன் குனிந்து ஃபில்டர் விளிம்பில் விரலை ஓட்டி, மச்சானிடம் காட்டினார். ஈரமில்லை.

கை கழுவ வாசல் குழாய்க்குப் போனவர், அங்கிருந்தே குரல் கொடுத்தார். “தம்பி, இந்தக் குழாய் கழுத்துல ஒழுகுது பாரு. அந்த டேப்பை எடுத்துட்டு வா.”